ஷவருக்கு எந்த வால்வு வாங்கலாம்?



நமது சங்க உறுப்பினர்களில் பலர் இப்போது கடைக்கு மேலேயே மாடி எடுத்து வீடு கட்டிக்கொள்கிறார்கள். கம்பிக்கும் சிமெண்டுக்கும் பைசா பைசாவாகப் பேரம் பேசுகிற அதே அன்பர்கள், குளியலறைச் சாமான் என்று வரும்போது மட்டும் குடும்பத்தோடு தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போய், ஷோரூமில் பளபளவென்று மாட்டியிருப்பதைக் கை காட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். பிறகு, பைப் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் நம்மிடம் வந்து, "என்ன அண்ணாச்சி, இவ்வளவு விலை கொடுத்து வாங்கினேன், தண்ணீர் நூல் மாதிரி வருகிறதே" என்கிறார்கள். சாமானில் குறை இருப்பது அபூர்வம். தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது, அது எப்படிப்பட்ட தண்ணீர், இந்த இரண்டையும் பார்க்காமல் வாங்கியதுதான் காரணம்.

முதலில் உயரத்தைப் பார்ப்போம். தண்ணீர் 33 அடி உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். நம் வீடுகளில் மொட்டை மாடியில் மூன்றடி மேடை கட்டி அதன்மேல் டேங்க் வைக்கிறோம். ஷவர் ஏழடி உயரத்தில், கூரை பத்தடியில். தளத்தின் கனத்தையும் சேர்த்தால் டேங்கின் அடிப்பக்கத்திற்கும் ஷவருக்கும் இடையே ஆறரை அடிதான். அதாவது கால் கிலோ அழுத்தம்கூட இல்லை. கீழ்த்தளக் குளியலறை என்றால் அரைக் கிலோ வரும். புதுமாதிரி மிக்சர்கள் பலவற்றில், பெட்டிக்குள் இருக்கும் தாளில், குறைந்தது அரை பார் அல்லது ஒரு பார் வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். (பார் என்றாலும் கிலோ என்றாலும் நமக்கு ஏறக்குறைய ஒன்றே.) அந்தத் தாளை யார் படிக்கிறார்கள்? ஷோரூமில் பம்பு வைத்து ஓட்டிக் காட்டும்போது மழை மாதிரிதான் கொட்டும்.

ஆகவே டேப் எடுத்து, டேங்கின் அடியிலிருந்து ஷவர் வரை அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போகவேண்டும். குறைந்த அழுத்தத்திற்கென்று உள்வழி அகலமாக வார்த்த டைவர்ட்டர்களை 'ஹை ஃப்ளோ' என்று தனியாகவே விற்கிறார்கள், அதைக் கேளுங்கள். கட்டும்போதே டேங்க் மேடையை இன்னும் நாலடி தூக்கிவிட்டால் அதைவிட மலிவான வைத்தியம் வேறில்லை. பிரஷர் பம்பு வைப்பதானால், பச்சைத் தண்ணீர் லைனுக்கும் கீசருக்குப் போகிற லைனுக்கும் சேர்த்தே வைக்கவேண்டும். ஒன்றில் வேகமும் மற்றதில் மந்தமுமாக இருந்தால் மிக்சருக்குள் ஒன்று மற்றதைத் தள்ளிக்கொண்டு போகும், வெந்நீரே வராது. அந்த அழுத்தத்தைக் கீசர் தாங்குமா என்று அதன் தகட்டிலும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். நம் பகுதி சுண்ணாம்புக்கல் பூமி. அதை நம்பித்தான் 1979ல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. பிறகு தனியார் ஆலைகளும் வந்தன. ஆலைக்கு லாபமான அந்தக் கல்தான் நமது போர் தண்ணீரில் கரைந்து வருகிறது. மளிகைக்கடை அன்பர்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. "உங்கள் கடைப் பருப்பு வேகவே இல்லை" என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவதில் பாதி பருப்பின் குற்றமல்ல, தண்ணீரின் குற்றம். பருப்பு வேகாத, சோப்பு நுரைக்காத தண்ணீர், வால்வுக்கும் ஆகாத தண்ணீர். சூடுபட்டதும் கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து படிகிறது. அதனால்தான் மிக்சரில் எப்போதும் வெந்நீர்ப் பக்கம் முதலில் அடைத்துக்கொள்கிறது. இந்திய தர நிர்ணயப்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஒப்புக்கொள்கிறார்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் ஒரு பாட்டில் கொடுத்தால் உங்கள் போர் எத்தனை என்று சொல்லிவிடுவார்கள். கொள்ளிடக் கரையோரத்தில் உள்ளவர்களுக்குச் சுண்ணாம்பு குறைவாக இருக்கலாம். ஆனால் பொடிமணல் ஏறி வருகிறது. அது வேறு தொல்லை.

ஏனென்றால், இப்போது வருகிற குழாய்களில் பெரும்பாலானவை கால் சுற்றுக் குழாய்கள். உள்ளே கண்ணாடி மாதிரி வழவழப்பாக இரண்டு பீங்கான் வில்லைகள். ஒன்றின் துளை மற்றதன் துளைக்கு நேரே வந்தால் தண்ணீர் வரும், விலகினால் நிற்கும். ரப்பர் வாஷர் தேய்கிற கதை இல்லை, நல்ல தண்ணீரில் பல வருஷம் உழைக்கும். ஆனால் ஒரு மணல் துகள் இடையில் புகுந்து கீறிவிட்டால் அன்றிலிருந்து சொட்டும். சுண்ணாம்பு படிந்தால் கைப்பிடி இறுகும். வீட்டில் பலம்கொண்டு திருகுவார்கள், ஸ்பிண்டில் முறியும். பழைய முழுச் சுற்றுக் குழாயில் இரண்டு ரூபாய் வாஷரோடு போயிற்று. இதில் கார்ட்ரிட்ஜையே மாற்றவேண்டும். அதிலும் கம்பெனிக்குக் கம்பெனி மரையும் பல்லும் வேறு. நாம் சொல்வது இதுதான்: எந்தக் கம்பெனியின் கார்ட்ரிட்ஜ் அரியலூரிலோ தஞ்சாவூரிலோ கேட்ட அன்றே கிடைக்கிறதோ அந்தக் கம்பெனிக் குழாயை வாங்குங்கள். வாங்கும்போதே கார்ட்ரிட்ஜ் இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள். டேங்கிலிருந்து இறங்குகிற பைப்பில் ஒரு வலை ஃபில்டரும் போட்டுவிடுங்கள்.

மாதிரிகள் என்று பார்த்தால் நம் வீடுகளுக்கு இரண்டுதான். சுவருக்கு வெளியே தெரிகிற வால் மிக்சர் ஒன்று. உடம்பு முழுவதும் சுவருக்குள் மறைந்து கைப்பிடி மட்டும் தெரிகிற கன்சீல்டு டைவர்ட்டர் மற்றொன்று. பார்வைக்கு இரண்டாவதுதான் அழகு, மறுக்கவில்லை. ஆனால் வால் மிக்சரில் வெந்நீர், பச்சைத் தண்ணீர் முனைகளுக்கு இடையே ஆறு அங்குலம் என்பது பொது அளவு. பத்து வருஷம் கழித்துக் கெட்டுப்போனால் எந்தக் கம்பெனி மிக்சரையும் வாங்கிவந்து அரைமணி நேரத்தில் மாட்டிவிடலாம். கன்சீல்டில் கார்ட்ரிட்ஜை முன்பக்கமாகவே மாற்றலாம் என்றாலும், உடம்பு கெட்டால் டைல்ஸை உடைக்கவேண்டும்; உடைத்த டைல்ஸின் ஜோடி பிறகு கிடைப்பதில்லை. சுண்ணாம்புத் தண்ணீர் உள்ளவர்களுக்கு வால் மிக்சர் போதும் என்பது நமது அபிப்பிராயம். (நாம் இன்றும் வாளியும் செம்பும்தான், அது வேறு விஷயம்.)

வெந்நீர் விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 60 டிகிரித் தண்ணீர் ஐந்தே விநாடியில் தோலை ஆழமாகச் சுட்டுவிடும். 50 டிகிரியில் அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். கீசரை அளவாகத் திருகி வைக்கலாம். மாடியில் சோலார் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் சூரியனைத் திருகி வைக்க முடியாது. சித்திரை வெயிலில் அது 60ஐத் தாண்டிப் போகும். அந்த வீட்டில் வயதானவர்களோ சிறு பிள்ளைகளோ இருந்தால் தெர்மோஸ்டாட் மிக்சர் வாங்குவது நியாயமான செலவு. அதற்குள் மெழுகு அடைத்த சிறு குப்பி ஒன்று இருக்கும். சூடு ஏறினால் மெழுகு விரிந்து வெந்நீர் வழியைக் குறைத்துவிடும். பச்சைத் தண்ணீர் நின்றுபோனால் வெந்நீரையும் நிறுத்திவிடும். இதற்கும் அழுத்தம் வேண்டும், சுண்ணாம்பு ஆகாது என்பதை மறக்கவேண்டாம். அது வேண்டாம் என்பவர்கள் குளியலறைக்கு டேங்கிலிருந்து தனி லைன் இறக்குங்கள். சமையலறைக் குழாயைத் திறந்ததும் குளிப்பவர் தலையில் கொதிநீர் விழுவது, ஒரே ஒல்லிப் பைப்பில் எல்லாவற்றையும் கோத்த வீடுகளில்தான். கீசர் அடியில் உள்ள சேஃப்டி வால்வு சொட்டுகிறது என்று அதை அடைக்கிற பிளம்பரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

சரக்கின் தரம் பார்ப்பது வியாபாரிகளுக்குக் கைவந்த கலை. குரோம் முலாம் பூசிவிட்டால் பித்தளையும் துத்தநாகக் கலவையும் ஒன்றுபோலவே மின்னும். கையில் எடுத்து எடை பாருங்கள், பித்தளை கனக்கும். உள்மரையில் முலாம் ஏறாத இடத்தில் மஞ்சள் தெரியவேண்டும். ஐ.எஸ். 8931 என்ற எண்ணோடு முத்திரை உள்ளதா என்று பாருங்கள். சாதாரண திருகுக் குழாய் என்றால் ஐ.எஸ். 781. ஜலந்தரிலிருந்தும் ஜாம்நகரிலிருந்தும் முத்திரை இல்லாமல் வருகிற சரக்கிலும் நல்லது உண்டு, ஆனால் அதைத் தரம் பிரிக்கக் கண் பழகியிருக்கவேண்டும். பில் இல்லாமல் வாங்கினால் வாரண்டி கிடையாது. பில் இருந்தாலும் உப்புப் படிவுக்கும் மணல் கீறலுக்கும் பொறுப்பில்லை என்று வாரண்டி அட்டையில் இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

ஷவர் துளை அடைத்துக்கொண்டால் எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஓர் இரவு ஊறவைத்துத் தேய்த்தால் போதும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றினால் சுண்ணாம்போடு முலாமும் போய்விடும்.

கன்சீல்டுதான் வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டால், அதன் பிளாஸ்டிக் மூடியில் குறைந்த ஆழம், அதிக ஆழம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். டைல்ஸின் முகம் அந்த இரண்டுக்கும் நடுவில் வரவேண்டும். இதைப் பிளம்பரிடம் மட்டும் சொன்னால் போதாது, பூசுகிற கொத்தனாரிடமும் டைல்ஸ்காரரிடமும் சொல்லவேண்டும். வெந்நீர் இடது, பச்சைத் தண்ணீர் வலது. கார்ட்ரிட்ஜ் மாட்டுமுன் பைப்பைத் திறந்துவிட்டு மணலும் மரைத்தூளும் போகும்வரை தண்ணீர் ஓடவிடுங்கள். பிறகு முனைகளை அடைத்து, பிளம்பரைக் கைப்பம்பு கொண்டுவரச் சொல்லி அழுத்தம் ஏற்றி, ஓர் இரவு வைத்து, காலையில் முள் இறங்கவில்லை என்று நீங்களே பார்த்த பிறகு டைல்ஸ் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டுவதற்கு முன் சுவரை செல்போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். பின்னால் துண்டு மாட்ட ஆணி அடிக்கும்போது பைப் எங்கே போகிறது என்று தெரியும்.