மாணவர் குழு செய்யும் பலகை விளையாட்டு

பலகை விளையாட்டு ஒன்றை உருவாக்க விதி அமைக்க வேண்டும், அட்டையில் மாதிரி செய்ய வேண்டும், பிறரை ஆடவிட்டு வெள்ளோட்டம் பார்க்க வேண்டும். இவற்றுள் வெள்ளோட்டத்துக்கே அதிக நாள் பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும். மாணவர் குழுக்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. பலகைக்கு வண்ணம் தீட்டுவதிலேயே வாரங்கள் கழிந்துவிடுகின்றன. ஆடிப் பார்க்க ஒரு பிற்பகல்தான் மிஞ்சுகிறது.

மாணவர்கள் கையால் செய்த பலகைகளுக்குப் பெருமைக்குரிய முன்வரலாறு உண்டு. அமெரிக்காவில் லிஸி மேகி 1904-இல் காப்புரிமை பெற்ற 'லேண்ட்லார்ட்ஸ் கேம்', நிலத்தைக் குவித்து வைத்திருப்போர் வாடகையால் மற்றவர்களை வறியவராக்குவதைக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியில் பொருளாதாரம் கற்பித்த ஸ்காட் நியரிங் அதை மாணவர்களிடையே பரப்பினார். பலரும் தாங்களே பலகை வரைந்து ஆடினார்கள். அப்படிக் கைமாறி, விதிகள் திருந்தி வளர்ந்த விளையாட்டுதான் 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்தின் மோனோபோலியாக விற்பனைக்கு வந்தது. அதே பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் கணித ஆய்வு மாணவராக இருந்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட், 'மேஜிக்: தி கேதரிங்' என்ற சீட்டு விளையாட்டை உருவாக்கினார். நகலெடுத்து வெட்டிய சீட்டுகளை வைத்து அவருடைய நண்பர்களும் உடன் பயின்றோரும் நெடுநாள் ஆடிப் பார்த்தார்கள். 1993-இல் அது வெளிவந்த பிறகு, அந்தச் சோதனை ஆட்டக்காரர்களில் சிலரே அடுத்தடுத்த சீட்டுத் தொகுதிகளை வடிவமைத்தார்கள். விளையாட்டை வடிவமைக்கக் கற்றுக்கொள்ள வெள்ளோட்டத்தைவிட நல்ல பள்ளி இல்லை என்பதற்கு இது போதுமான சான்று.

வேலை தொடங்குவது பொருளைத் தேர்வதில். ஆனால் 'ஏரிப் பாசனம்' என்று தலைப்பு வைத்துவிட்டால் விளையாட்டு வந்துவிடாது. தன் முறை வரும்போது ஆடுபவர் எதை முடிவு செய்யப்போகிறார் என்பதே முதல் கேள்வி. பாம்பும் ஏணியும் ஆட்டத்தில் அவர் எதையும் முடிவு செய்வதில்லை. பகடைதான் எல்லாவற்றையும் செய்கிறது. குழந்தைகளுக்கு அது இனிக்கும், கல்லூரி மாணவருக்குச் சீக்கிரம் சலிக்கும். ஏரி விளையாட்டில் நான்கு விவசாயிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தலைமடையிலிருந்து கடைமடை வரை நால்வருக்கும் வயல். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மழைச்சீட்டு திறக்கப்படும். அதன்படி ஏரியில் நீர் சேரும். எவ்வளவு நீர் எடுப்பது, எவ்வளவைக் கீழே விடுவது என்பதை ஆடுபவர் தீர்மானிக்கிறார். இப்போது ஒரு விளையாட்டுக்கான கரு கிடைத்துவிட்டது.

அடுத்தது கணக்கு. ஒரு வயல் விளைய ஒரு சுற்றில் 3 பங்கு நீர் வேண்டும் என்றால் நால்வருக்கும் 12 பங்கு தேவை. மழைச்சீட்டு 12 என்றும், அவற்றில் 5 சீட்டு 12 பங்கும் 4 சீட்டு 8 பங்கும் 3 சீட்டு 4 பங்கும் தரும் என்றும் கொண்டால், மொத்தம் 104 பங்கு. ஒரு சுற்றுக்குச் சராசரி 9 பங்குக்கும் குறைவு. நால்வரில் ஏறத்தாழ மூவருக்குத்தான் அது போதும். அந்தப் பற்றாக்குறையிலிருந்துதான் ஆட்டத்தின் விறுவிறுப்பு பிறக்கிறது. எல்லோருக்கும் போதுமான நீர் இருந்தால் பேச்சும் இல்லை, பேரமும் இல்லை.

பகடை வைத்தால் கணக்கில் இன்னும் கவனம் வேண்டும். இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டினால் 36 விதமாக விழலாம். கூட்டுத்தொகை 7 வர 6 வழிகள். 2 வரவும் 12 வரவும் ஒவ்வொரு வழிதான். கிளவுஸ் டாய்பர் 1995-இல் வெளியிட்ட கேட்டன் விளையாட்டில் எந்த நிலம் அதிகம் விளையும் என்பதை இந்த வேறுபாடே நிர்ணயிக்கிறது. நான்கு முகமுள்ள நம் தாயக்கட்டைகள் இரண்டை உருட்டினால் 16 விதங்கள். ஒரு கட்டை வெறுமையாகவும் மற்றொன்று ஒன்றாகவும் விழுந்தால் தாயம். அதற்கு 2 வழிகள், அதாவது எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. தாயம் விழுந்தால்தான் காயை இறக்க முடியும். எட்டு முறை உருட்டியும் தாயம் விழாதவர் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இருப்பார். ஊர்த் திண்ணையில் அந்தக் காத்திருப்பே கேலியும் கலகலப்புமாகப் போகும். புதிய விளையாட்டு ஒன்றில், முன்பின் தெரியாதவர் அப்படிக் காத்திருந்தால் எழுந்து போய்விடுவார்.

முதல் மாதிரி அழகாக இருக்கவே கூடாது. பழைய நோட்டின் பின்பக்கம், பென்சில், சட்டைப் பொத்தான், நீர்ப் பங்குக்குப் புளியங்கொட்டை இருந்தால் போதும். வண்ண அச்சில் எடுத்த பலகையைக் கிழித்துப்போட யாருக்கும் மனம் வராது. பென்சிலில் வரைந்ததை உடனே அழிக்கலாம். நான்கைந்து பேர் உள்ள குழுவில் ஒருவர் விதி நோட்டுக்குப் பொறுப்பேற்க வேண்டும். எந்தத் தேதியில், எந்த விதி, எதற்காக மாறியது என்பது அதில் இருக்கும். வெள்ளோட்டத்துக்கு வெள்ளோட்டம் ஒரே ஒரு மாற்றம் செய்வது நல்லது. மூன்றை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். எண்களைத் திருத்தும்போது மட்டும் தயக்கம் கூடாது. சிவிலைசேஷன் கணினி விளையாட்டை உருவாக்கிய சிட் மையர், ஓர் எண் சரியில்லை என்று தோன்றினால் அதை இரட்டிப்பாக்கு அல்லது பாதியாக்கு என்ற வழக்கத்தைக் கடைப்பிடித்தவர். சிறு திருத்தத்தின் விளைவு கண்ணுக்குப் படாது, பெரிய திருத்தம் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

வெள்ளோட்டம் முதலில் குழுவுக்குள் நடக்கும். ஏரி விளையாட்டில் இரண்டே ஆட்டத்தில் ஒரு குறை வெளிப்படும்: தலைமடைக்காரர் எப்போதும் முதலில் எடுப்பதால் அவரே வெல்வார்; கடைமடைக்காரர் பாதி ஆட்டத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். முந்திப் போகிறவர் மேலும் மேலும் முந்துவதும், தோற்றவர் வேடிக்கை பார்ப்பதும் மோனோபோலியின் பழைய நோய்தான். இதற்குத் தீர்வு நம் ஊர்களின் வழக்கத்திலேயே இருக்கிறது. முறை வைத்துப் பாய்ச்சுவதும், நீரைப் பங்கிட நீர்க்கட்டி ஒருவரை அமர்த்துவதும் தமிழகத்து ஏரிப் பாசனத்தில் நெடுங்காலம் இருந்தவை. ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் நீர்க்கட்டி ஆகிறார், அவர் வைத்ததே வரிசை என்று விதி மாறினால், கடைமடைக்காரருக்கும் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும். விளையாட்டும் தான் எடுத்துக்கொண்ட பொருளை இன்னும் உண்மையாகச் சொல்லும்.

இரு தரப்புக்கும் வெவ்வேறு பலம் கொடுக்கும் விளையாட்டில் சமநிலை காண்பது கடினம். ஆடு புலி ஆட்டத்தில் 3 புலிகளும் 15 ஆடுகளும் 23 புள்ளிகளில் மோதுகின்றன. பலம் சமமில்லை, ஆட்டம் சமமாக நிற்கிறது. அத்தகைய ஆட்டத்தைச் சோதிக்க ஒரே இருவரைப் பக்கம் மாற்றிப் பல முறை ஆடவிட வேண்டும். யார் ஆடினாலும் ஒரே பக்கம் வென்றால் கோளாறு விதியில் இருக்கிறது.

பிறகு வெளியாட்கள் ஆட வேண்டும். இங்கே குழுவினருக்கு மிகக் கடினமான வேலை பேசாமல் இருப்பது. ஆடுபவர் விதியைத் தவறாகப் புரிந்துகொண்டால் திருத்தக் கை பரபரக்கும். ஆனால் அந்தத் தவறுதான் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. எங்கே சிரித்தார்கள், எப்போது கைபேசியை எடுத்தார்கள், தன் முறைக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்பதையெல்லாம் எழுத வேண்டும். ஆட்டம் முடிந்ததும் 'பிடித்ததா?' என்று கேட்டால் நண்பர்கள் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். 'எந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை?' என்று கேட்டால் பயனுள்ள பதில் வரும். கடைசிச் சோதனையில் குழுவினர் யாரும் அருகில் இருக்கக் கூடாது. பெட்டியும் விதித்தாளும் மட்டும் அந்நியர் கைக்குப் போக வேண்டும். அவர்கள் படித்துப் புரிந்து ஆடி முடித்தால்தான் விதித்தாள் தேறியது.

அச்சு வேலை அதற்குப் பிறகே. வழக்கமான சீட்டின் அளவு 63 × 88 மி.மீ.; ஏ4 தாளில் 9 சீட்டு அடங்கும், 54 சீட்டுக்கு 6 தாள் போதும். பலகைக்கு பைண்டிங் கடையில் கிடைக்கும் கெட்டி அட்டையில் அச்சிட்ட தாளை ஒட்டலாம். ஓவியத்தையும் விதி வாசகத்தையும் பிறருடையதிலிருந்து எடுக்கக் கூடாது. அவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு.

இதைப் பாடத்தின் பகுதியாகச் செய்யச் சொல்லும் ஆசிரியர்கள், மேசைமேல் வைக்கப்படும் பளபளப்பான பெட்டியை மட்டும் பார்த்து மதிப்பெண் போட வேண்டாம். விதி நோட்டைக் கேட்டு வாங்கி, அடித்துத் திருத்திய பக்கங்களைப் படித்து, அவற்றுக்கு முதலில் மதிப்பெண் கொடுங்கள்.