பழைய கதவை மாற்றுகிறீர்களா? மரமா, பிளாஸ்டிக்கா?

ஐப்பசி மழை பிடித்தால் போதும், குளியல் அறைக் கதவு உப்பிக்கொள்ளும். சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. அடிப்பக்கமோ இற்றுப் போயிருக்கும். அதை மாற்ற வேண்டியதுதான். எதைப் போடுவது?

ஈரம் படும் இடத்துக்குப் பிளாஸ்டிக்கே மேல். பி.வி.சி. கதவு உளுக்காது. கரையான் அரிக்காது. வர்ணச் செலவும் இல்லை. சன்னலுக்கு யு.பி.வி.சி. சட்டம் வாங்குகிறவர்கள், உள்ளே துத்தநாகம் பூசிய இரும்பு வைத்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். பெரிய சன்னலில் அது இல்லையேல் சட்டம் வளைந்துவிடும்.

வாசல் கதவு விஷயம் வேறு. வைரம் பாய்ந்த தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கரையான் எளிதில் அண்டாது. ஆனால் ஓரத்து வெளிறிய கட்டைக்கு அந்தக் குணம் கிடையாது. வைரத்துக்கு விலை கொடுத்து வெளிறிய கட்டையை வாங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான்!

மரக் கதவு பழுதானால் தச்சர் ஒட்டுப்போட்டுத் தருவார். பிளாஸ்டிக் பிளந்தால் புதிதுதான் வாங்க வேண்டும்.

அவசரப்பட்டுப் பழையதை எறிந்துவிடாதீர்கள். நிலையைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்டால் உள்ளே அரித்திருக்கும். கணீரென்று கேட்டால் நிலை இருக்கட்டும்; கதவை மட்டும் மாற்றினால் போதும். பாதிச் செலவு மிச்சமாகலாம்!