புத்தர் நிற்கும் ஊரில்

ஊரிலிருந்து உறவினர் யார் வந்தாலும் நாம் முதலில் அழைத்துப் போவது டாங்க் பண்டுக்குத்தான். கணபதி ஸ்தபதி தலைமையில் செதுக்கப்பட்டு, 1990இல் கொண்டு செல்லும்போது ஹுசைன் சாகரில் மூழ்கி, 1992 டிசம்பரில் நிலைநிறுத்தப்பட்ட புத்தர் சிலையைக் காட்டிப் பெருமைப்படுவோம். ஆனால் அவர் சொன்னதைக் கேட்டோமா என்று நான் யோசித்தது 2020 அக்டோபர் மழைக்குப் பிறகுதான்.

எங்கள் குடியிருப்பில் கார் நிறுத்த இடம் போதவில்லை. முற்றம் முழுவதும் சிமெண்ட் போடலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது, கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அக்டோபர் 13 இரவு, இறங்க மண் இல்லாத தண்ணீர் தரைத்தள வீட்டுக்குள் புகுந்தது. அங்கிருந்த பாட்டியை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுவந்தோம். அவர் யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றும். காரணம் நீங்கினால் விளைவும் நீங்கும் என்பது புத்தர் கண்ட உண்மை. மணிமேகலைக்கு அறவண அடிகள் உபதேசித்ததும் இதுவே. நிலக்கரியும் பெட்ரோலும் எரிகின்றன, கரியமில வாயு சேர்கிறது, காற்று சூடாகிறது. ஒரு டிகிரி வெப்பம் கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். அதனால்தான் பெருமழை இன்னும் பெருமழையாகிறது. இந்தச் சங்கிலியின் தொடக்கத்தில் இருப்பது நம் வேட்கை. 2015இல் பாரிஸ் மாநாட்டுக்கு முன் தலாய் லாமா உள்ளிட்ட பௌத்தத் தலைவர்கள் உலகத் தலைவர்களுக்கு விடுத்த வேண்டுகோளின் சாரமும் ஏறக்குறைய இதுதான்.

ஞானம் பெற்ற புத்தர், நிழல் தந்த போதி மரத்தை ஒரு வாரம் இமைக்காமல் நன்றியோடு நோக்கினார் என்பது மரபு. நன்றி சொல்ல நம் ஊரிலும் ஒரு மரம் உண்டு. 1908 செப்டம்பர் மூசி வெள்ளத்தில் சுமார் 150 பேர் ஏறி உயிர் பிழைத்த புளியமரம், உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் இருக்கிறது.

மறு வருடம் முற்றத்தின் ஒரு பக்கத்துச் சிமெண்டைப் பெயர்த்தோம். தெலுங்கர்கள் 'இங்குடு குந்த' என்று சொல்லும் நீர் உறிஞ்சு குழி ஒன்றைத் தோண்டி, பக்கத்தில் ஒரு வேப்பங்கன்று நட்டோம். இரண்டு கார்கள் இப்போது தெருவில் நிற்கின்றன. அதில் ஒன்று என்னுடையது.

உங்கள் குடியிருப்பிலும் இப்படி ஒரு பேச்சு வரும். கை தூக்குமுன் தரைத்தளத்தில் இருப்பவர்களை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.