ஏக்கருக்கு 31 டாலர் 28 சென்ட்

விலைச் சரிவுக்கு ஈடாக அமெரிக்க விவசாயிக்கு வரும் அரசுப் பணம் அவர் இந்த ஆண்டு விதைத்ததைப் பொறுத்தது அல்ல. பழைய சாகுபடியை வைத்து அவருடைய நிலத்தின் பேரில் பதிந்திருக்கும் ‘பேஸ் ஏக்கர்’தான் கணக்கு. கோதுமைக்குப் பதிந்த நிலத்தில் இன்று சோயா நின்றாலும், பணம் கோதுமைக்குத்தான்.

கோதுமை விளையும் கான்சாஸ் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். நம் மாவட்டம் போன்ற கவுண்டிகள் அங்கே 105. 2018 வேளாண் சட்டம் கோதுமைக்கு வைத்த விலை புஷலுக்கு, அதாவது 27 கிலோ சொச்சத்துக்கு, 5.50 டாலர். 2019 பயிருக்குக் கிடைத்த தேசிய சராசரி விலை 4.58. துண்டு விழுந்தது 92 சென்ட். அதை அரசு ஈடுகட்டுகிறது. ஆனால் பேஸ் ஏக்கரில் 85 சதவீதத்துக்கு மட்டும். பதிவில் ஏக்கருக்கு 40 புஷல் விளைச்சல் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள்: ஏக்கருக்கு 31 டாலர் 28 சென்ட். அரசுச் செலவுக் குறைப்புக்கான கட்டாயப் பிடித்தம் தனி.

100 ஏக்கர்காரருக்கு 3,128 டாலர். 1,000 ஏக்கர்காரருக்கு 31,280. மொத்தமே 10 பேஸ் ஏக்கரோ அதற்குக் குறைவோ உள்ளவருக்கு, புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் போன்ற சில விலக்குகள் தவிர, ஒன்றுமில்லை. ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலருக்கு மேல் கிடையாது என்று சட்டம் உச்சவரம்பு போட்டது. இந்தக் கணக்கில் அந்த வரம்பைத் தொடவே ஏறக்குறைய 4,000 ஏக்கர் வேண்டும். கூட்டுப் பண்ணை என்றால், தகுதியுள்ள ஒவ்வொரு பங்காளிக்கும் தனித்தனி வரம்பு. நான்கு பேர் சேர்ந்தால் 5,00,000 டாலர்! யாரைத் தடுக்க இந்த வரம்பு?

பணம் கைக்கு வரும் காலமும் கொடுமை. 2019 ஜூனில் அறுத்த கோதுமைக்கான ஈட்டுத்தொகை 2020 அக்டோபருக்கு முன் வரவில்லை. பதினாறு மாதம் பொறுக்கக் கூடியவர் பெரிய பண்ணைக்காரர். சிறியவருக்கு அது வட்டி.

இந்த ஈட்டுத்தொகை போக, சீனாவுடனான வரிப்போரில் விற்பனை இழந்தவர்களுக்கு 2018, 2019 பயிர்களுக்காகச் சுமார் 2,300 கோடி டாலர் போனது. 2018இல் சோயாவுக்குப் புஷலுக்கு 1.65 டாலர், மக்காச்சோளத்துக்கு 1 சென்ட். மறு ஆண்டு, பயிர்வாரிக் கணக்கை விட்டுவிட்டுக் கவுண்டி வாரியாக ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை நிர்ணயித்தார்கள். ஒரே மண், ஒரே பயிர், நடுவே ஒரு சாலை. அந்தச் சாலை கவுண்டி எல்லையாக இருந்தால் இரு பக்கமும் வேறு வேறு தொகை. 2020இல் கொரோனா உதவியும் சேர்ந்து அரசு நேரடியாகக் கொடுத்தது சுமார் 4,600 கோடி டாலர். நாட்டின் நிகர வேளாண் வருமானத்தில் ஏறத்தாழ பாதி.

அமெரிக்காவில் பயிர் நிலத்தில் பாதிக்கு மேல் குத்தகை. ரொக்கக் குத்தகைக்கு விட்ட உடைமையாளர் மானியம் வாங்க முடியாது என்கிறது விதி. ஆனால் மானியம் வரும் நிலத்துக்குக் குத்தகை ஏறுகிறது. உழுகிறவர் வாங்கியதில் ஒரு பங்கு அப்படியே நிலக்காரரிடம் போய்ச் சேருகிறது.

2025 ஜூலையில் வந்த சட்டம் கோதுமைக்கு வைத்திருந்த 5.50 டாலர் விலையை 6.35 டாலராக்கியது. கூடவே ஒருவருக்கான உச்சவரம்பையும் 1,55,000 டாலராக உயர்த்தியது. முதலாவதில் நியாயம் உண்டு. உரமும் டீசலும் விலை ஏறிவிட்டன. இரண்டாவது தவறு. வரம்பைக் குறைத்து, பங்காளிக் கணக்கை ஒழித்து, மிச்சமாகும் பணத்தை முதல் சில நூறு ஏக்கருக்குக் கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டும்.