கூண்டில் இருப்பது ஓர் அமானிதம்



பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைகள் நச்சரித்து ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கி வந்துவிடுகிறார்கள். முதல் வாரம் போட்டி போட்டுத் தீனி வைப்பார்கள். மாதம் ஒன்று போனால் கூண்டைத் திரும்பிப் பார்க்க ஆளிருக்காது. ஒருநாள் காலையில் பறவை செத்துக் கிடக்கும். "அதன் ஆயுள் அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் பல நேரம் அதற்கு நம் கவனக்குறைவே காரணம்.

பறவை வளர்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர், நுஃகைர் என்ற சிறு குருவியை வைத்து விளையாடுவார். நபி (ஸல்) அவர்கள் வீட்டுக்கு வரும்போது அந்தக் குருவியைப் பற்றி அன்போடு விசாரிப்பார்கள் (புகாரி 6129). கூண்டில் பறவை வளர்க்கலாம் என்பதற்கு மார்க்க அறிஞர்கள் இதையே ஆதாரம் காட்டுகிறார்கள்.

அதே நேரம், பூனையை அடைத்து வைத்து, உணவும் தராமல், வெளியே போய்த் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் சென்ற செய்தியும் புகாரியில் (3482) இருக்கிறது. அடைத்து வைத்தால் அதன் பசியும் தாகமும் நம் பொறுப்பு. அனுமதிக்குரிய நிபந்தனை இதுதான்.

எதை வளர்க்கலாம்?

பச்சைக்கிளி, மைனா போன்ற நம் நாட்டுப் பறவைகளை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பச்சைக்கிளிக்கு மூன்றாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2023 பிப்ரவரியில் சென்னையில் நடிகர் ரோபோ சங்கர் வீட்டில் இருந்த இரண்டு அலெக்சாண்டிரின் கிளிகளை வனத்துறை கைப்பற்றி, 2.5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தென்னை மரப் பொந்திலிருந்து கிளிக்குஞ்சை எடுத்து வருவது தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பதுதானே? பயணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப் பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள் (அபூதாவூத் 2675). வீட்டில் ஏற்கனவே பச்சைக்கிளி இருந்தால், இறக்கை வெட்டப்பட்ட நிலையில் திறந்துவிடாதீர்கள். பூனைக்கோ காக்கைக்கோ இரையாகிவிடும். வனச்சரக அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

லவ் பேர்ட்ஸ், காக்டெயில், ஃபிஞ்ச் போன்றவை வெளிநாடுகளிலிருந்து வந்து கூண்டிலேயே பல தலைமுறை பெருகியவை. இவற்றை வளர்க்கத் தடையில்லை. அலுத்துப்போனது என்று வெளியே விட்டாலும் இவை பிழைக்காது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற சில வெளிநாட்டு இனங்களை வளர்ப்பவர்கள் அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

எப்படிப் பேணுவது?

பறவையின் நுரையீரல் நம்முடையதைவிடக் கூர்மையானது, காற்றில் கலந்த நஞ்சை வேகமாக இழுத்துக்கொள்ளும். எனவே சமையலறையில் கூண்டை வைக்கக் கூடாது. நான்ஸ்டிக் சட்டி காய்ந்து எழும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். கொசுவர்த்தி, சாம்பிராணி, செண்ட் ஸ்பிரே எதுவும் அருகில் வேண்டாம். பறவையை வீட்டுக்குள் பறக்கவிடும் முன் மின்விசிறியை நிறுத்துங்கள்.

நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியிலோ மொட்டை மாடியிலோ கூண்டு இருந்தால் பறவை தாங்காது. நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில், பூனைக்கும் எலிக்கும் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். தண்ணீரைத் தினமும், வெயில் நாளில் இருவேளையும் மாற்றுங்கள்.

தினை மட்டும் போதாது. கழுவிய கொத்தமல்லி, முருங்கைக்கீரை, கேரட் துருவல் கொடுங்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் கடல்நுரை வையுங்கள். உப்பு, சாக்லேட், அவகேடோ கூடவே கூடாது. தீனிக் கிண்ணத்தில் மேலே கிடக்கும் உமியைப் பார்த்து, நிறைந்திருப்பதாக ஏமாறாதீர்கள். ஊதிவிட்டுப் பாருங்கள்.

பறவை தன் நோயை மறைக்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினாலோ அது முற்றிய நிலை. அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நமக்கும் ஒரு எச்சரிக்கை

காய்ந்த எச்சத்தின் தூசி வழியாகக் கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் வரலாம். எச்சத்தை ஈரப்படுத்தி, முகக்கவசம் அணிந்து சுத்தம் செய்யுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், வீட்டில் பறவை இருப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தகுந்த மருந்தால் குணமாகும் நோய்தான் இது.

பெருநாளைக்கு ஊருக்குக் கிளம்பும்போது வாசல் கதவைப் பூட்டுகிறோம், கேஸை மூடுகிறோம். கூண்டையும் நினைவில் வைத்து, பக்கத்து வீட்டாரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். வாய் திறந்து கேட்க முடியாத அந்த உயிரைப் பற்றி நாளை மறுமையில் நம்மிடம்தான் கேட்கப்படும். அந்த அமானிதத்தைப் பேணி நடப்பவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.