ராபின் ஹூட்டுக்கு ஏன் கை தட்டுகிறோம்?



"திருடுவது தப்பு என்கிறீர்கள். ராபின் ஹூட்டை மட்டும் நல்லவன் என்கிறீர்களே, ஐயா?"

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பில் கேட்ட கேள்வி இது. நாளை உங்கள் வீட்டுப் பிள்ளையும் கேட்கலாம். என்ன பதில் சொல்வீர்கள்?

ராபின் ஹூட் இங்கிலாந்தின் நாட்டுப் பாடல்களில் பிறந்தவன். 1377-ஐ ஒட்டி எழுதப்பட்ட நூல் ஒன்றிலேயே அவனைப் பற்றிய பாடல்கள் பேசப்படுகின்றன. அந்தப் பழைய பாடல்களில் அவன் பிரபு அல்லன், சாதாரணக் குடிமகன். பிரபுப் பட்டம் சூட்டியவர்கள் பிற்கால நாடகாசிரியர்கள்.

வெள்ளித்திரைக்கு அவன் மீது தனி மோகம். 1922-இல் ஊமைப்படத்தில் டக்ளஸ் ஃபேர்பேங்ஸ், 1938-இல் வண்ணப்படத்தில் எரால் ஃபிளின், 1991-இல் கெவின் காஸ்ட்னர், 2010-இல் ரஸ்ஸல் குரோ என்று தலைமுறைக்கு ஒருவர் அந்த வில்லை ஏந்தியிருக்கிறார்கள். ஃபிளின் நடித்த படம் மூன்று ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது.

இந்தக் கதையைக் கண்டு அஞ்சியவர்களும் உண்டு. 1953-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலப் பாடநூல் குழு உறுப்பினர் ஒருவர், இது கம்யூனிசத்தை வளர்க்கும் கதை, பாடநூல்களில் இருக்கலாகாது என்றார். வேடிக்கையைக் கேளுங்கள்! 1955-இல் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் ராபின் ஹூட் தொடர் ஒன்று தொடங்கியது. அதற்குக் கதை எழுதியவர்களில், கம்யூனிஸ்டு என்று அமெரிக்காவில் வேலை மறுக்கப்பட்ட ரிங் லார்ட்னர் ஜூனியரும் ஒருவர். சொந்தப் பெயரில் எழுத வழியில்லாமல் புனைபெயரில் எழுதினார். நீதி கிடைக்காதவன் கதையை நீதி கிடைக்காதவரே எழுதினார்!

சரி, மாணவனுக்கு வருவோம். 1973-இல் டிஸ்னி நிறுவனம் எடுத்த கார்ட்டூன் படத்தில் ராபின் ஹூட் ஒரு நரி. ஏழை முயல்குட்டிக்குப் பிறந்தநாள். பரிசாகக் கிடைத்தது ஒரே ஒரு காசு. வரி வசூலிக்க வந்த ஷெரீப் அதையும் பிடுங்கிக் கொள்கிறான். பிறகு ராபின் வந்து, தன் வில்லையும் தொப்பியையும் அந்தக் குட்டிக்குக் கொடுக்கிறான்.

இந்தக் காட்சியைச் சொல்லி, "இங்கே திருடன் யார்?" என்று வகுப்பைக் கேட்டேன். "ஷெரீப்!" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். கேள்வி கேட்டவன் குரலும் அதில் இருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1938 படத்திலும் 1973 படத்திலும் நேர்மையான மன்னர் ரிச்சர்ட் நாடு திரும்புகிறார். ராபினின் குற்றங்கள் மன்னிக்கப்படுகின்றன. அதோடு கதை முடிந்துவிடுகிறது. நீதி திரும்பிய நாட்டில் அவனுக்கு வேலை இல்லை.

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளை கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: திருட்டு தப்புதான். நாம் கை தட்டுவது திருட்டுக்கு அல்ல. ஏழையின் கடைசிக் காசைச் சட்டத்தின் பெயரால் பறித்தவனை, ஒருவன் துணிந்து தட்டிக் கேட்டான். அதற்குத்தான் அந்தக் கை தட்டல்.