பொறுமைக்குப் பலன் தரும் கோலா மரம்

கோலா மரம் மேற்கு ஆபிரிக்காவின் மழைக்காடுகளுக்கு உரியது. தேயிலை, கோப்பியில் உள்ள கஃபீன் இதன் கொட்டையிலும் உண்டு. நைஜீரியாவின் இக்போ மக்கள் வீட்டுக்கு வரும் விருந்தினருக்கு முதலில் கோலாக் கொட்டையை உடைத்துக் கொடுப்பார்கள். நமக்கு வெற்றிலைத் தட்டம் போல!

விதையில் முளைத்த மரம் காய்க்க 5 முதல் 7 ஆண்டுகள் செல்லும். "நாளை எந்த ஊரில் இருப்போமோ, இவ்வளவு காலம் யார் காத்திருப்பது?" என்று நீங்கள் கேட்கலாம். அங்குள்ள விவசாயி இளங்கன்றின் நிழலுக்கு வாழை நடுகிறார். இடைவெளியில் கிழங்கு வைக்கிறார். மரம் காய்க்கும்வரை குடும்பத்துக்கு அவை சோறு போடுகின்றன. ஒட்டுக் கன்றோ இன்னும் முந்திக் காய்க்கும்.

தனிமரம் காய்க்காமற் போகலாம். பல மரங்களுக்கு வேறு மரத்தின் மகரந்தம் தேவை. ஆகவே சிலவற்றைச் சேர்த்தே நடவேண்டும்.

பெரிய எதிரி கூன்வண்டு. அதன் புழு கொட்டையை உள்ளிருந்தே தின்னும். விழுந்த காய்களைத் தரையில் விட்டால் வண்டு பெருகும். எனவே முற்றிய காய்களைத் தாமதியாது பறித்து, விழுந்தவற்றைப் பொறுக்கி அகற்றவேண்டும். பின்னர் கொட்டைகளை ஊறவைத்து வெண்தோலை நீக்கி, பழுதானவற்றைக் கழித்து, இலை பரப்பிய கூடையில் ஈரம் காயாமல் வைப்பார்கள். பல மாதம் கெடாது; நல்ல விலை வரும்வரை பொறுக்கலாம்.

நாமும் நீண்டகால மரத்தோடு குறுகியகாலப் பயிரையும் நடுவோம். இரவல் காணியில் இருப்போர் மா, தேசிக் கன்றுகளைப் பைகளில் வளர்க்கலாம். ஊர் திரும்பும் நாளில் அவையும் கூடவே வரும்.